சிவப்புத் துண்டும் சிலோன்காரரின் ஓட்டமும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மட்டாஞ்சேரி பாண்டிகசாலையில், சாக்கு மூட்டைகளின் மேல், கறுப்பு மையைத் தூரிகையில் தொட்டுத்தான். (பாண்டிகசாலை என்றால் எங்கள் ஊரில் சரக்குக் கிடங்கு.) மூட்டையில் எழுதிப் பழகிய கை காகிதத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. ஒரு பக்கத்துக்கு ஆறு வரி எழுதினால் இடம் தீர்ந்துவிடுகிறது. எழுத்துப் பிழையும் இருக்கும். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன், பெரிதாகப் போட்டால் மரியாதையாக இருக்கட்டுமே என்று. மகளிடம் கொடுத்துத் திருத்தலாம் என்றால் அவளுக்கு மலையாளம்தான் ஓடும். தமிழை வாசிக்கும்போது செருப்பில்லாமல் சரளைக் கல்லில் நடக்கிற மாதிரி நடப்பாள்.

இருந்தாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதையை என்னைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தெருமுனைச் சாயாக்கடையில் கேட்டால், நான் வெளிநாட்டில் ஒரு காது கேளாதவருக்கு நனைந்த மிளகை நல்ல மிளகு என்று விற்றேன் என்பார்கள். மீன்காரச் சேச்சியைக் கேட்டால், நான் ஓட்டப் பந்தயத்தில் ஓடி மெடல் வாங்கினேன் என்பாள். (என் உடம்பைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்கிறாள், நல்ல மனசு.) என் மனைவி ஜொஹரா சொல்வது இதற்கெல்லாம் மேலே. அவள் வாயால் சொல்வதே இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கூச்சக்காரன். சாயா கேட்டுக் காப்பி வந்தால் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடியபோது, நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஆண்டவன் கொடுத்த வேலைதான் தரகு. ஆச்சரியப்பட வேண்டாம். எங்கள் தரகில் வாய்க்கு வேலை கிடையாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் கையை நீட்டுவார்கள். நீட்டிய கைகளின் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையைச் சுரண்டினால் அரை. கையை உதறிவிட்டால், வேறு ஆளைப் பார் என்று அர்த்தம். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. பேசி முடிந்ததும் தரகன் துண்டை எடுத்துக் காற்றில் ஒரு உதறு உதறித் தோளில் போட வேண்டும். அந்த உதறலுக்குப் பிறகு யாரும் பேச்சு மாற்றக் கூடாது. இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். என் துண்டு சிவப்பு நிறம். வற்றல் மிளகாய்க் கிடங்கில் வேலை செய்கிறவனுக்கு அழுக்குத் தெரியாத நிறம் அதுதான்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சந்தை படுத்துவிட்டது. சரக்கு வரவில்லை. பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த என் மச்சான் காசிம், ஜொஹராவின் அண்ணன், கடையில் ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். காசிம் மச்சான் எனக்கு நேர் எதிர். அவர் பேச ஆரம்பித்தால் குழம்பு ஆறும், சோறு விறைக்கும், கேட்கிறவர் மட்டும் எழுந்திருக்க மாட்டார்.

அந்தச் சமயம் அங்கே காது கேளாதவர்களுக்கான விளையாட்டுப் போட்டி நடக்கப் போவதாகப் பேச்சு வந்தது. பல நாடுகளிலிருந்தும் விளையாட்டுக்காரர்கள் வருகிறார்கள். கூலி வாங்காமல் உதவி செய்ய ஆட்கள் தேவை. இதைச் சொல்லிக் கடை கடையாக ஏறி வந்தவர் தவமணி டீச்சர். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர். நம் தமிழ் அம்மாதான், ஆனால் பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். மெலிந்த உடம்பு, கனமான குரல். எங்கள் கடையில் அவர் கேட்டது சாப்பாட்டு உதவி மட்டும்தான். மச்சான் சாப்பாட்டோடு என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"டீச்சர், இந்தா நிக்கிறாரே நம்ம மச்சான், கொச்சிக்காரரு. இவருக்குக் கை பாஷை அத்துப்படி. இருபது வருசமா கையாலதான் பொழப்பு. வாயத் தொறந்து நானே பாத்ததில்ல."

டீச்சர் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பி இரண்டு கைகளாலும் காற்றில் ஏதோ கேட்டார். நெற்றியைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார், விரல்கள் பறந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் வர வேண்டுமே. தலையை ஆட்டினேன்.

நியாயமாகப் பார்த்தால் அங்கேயே என் குட்டு உடைந்திருக்க வேண்டும். ஆனால் டீச்சர் நல்லவர். ஒவ்வொரு நாட்டுக்கும் கை பாஷை வேறு வேறு, இந்தியாவில் இப்படி அமைதியாகப் பேசுவார்கள் போலிருக்கிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். சிலோன் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே, சிலோன்காரர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அட்டையை என் சட்டையில் குத்திவிட்டுப் போனார். நான் அப்போதும் தலையை ஆட்டினேன். நிஜமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமே இல்லை. கை பாஷை என்றால் கை பாஷைதானே, விரல் எல்லோருக்கும் பத்துதானே என்று இருந்தேன். மனசுக்குள் கொஞ்சம் கர்வம்கூட. மட்டாஞ்சேரித் தரகர்களிலேயே வெளிநாட்டில் போய்க் கை பிடிக்கப் போகிறவன் நான்தான்.

சிலோன்காரர்கள் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களில் நிமல் என்று ஒருவர். என்னைவிட இளையவர், தச்சு வேலை செய்பவர், தோள் ரெண்டும் உத்திரம் மாதிரி இருக்கும். அவர் நூறு மீட்டர் ஓடப் போகிறவர். காலையில் எட்டு மணிக்கு வண்டி வரும் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை.

நான் முறைப்படி ஆரம்பித்தேன். அவர் வலது கையைப் பிடித்தேன். மேலே சிவப்புத் துண்டைப் போட்டேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே முதலில் முழுக் கையைப் பிடித்தேன், பிறகு மூன்று விரலைப் பிடித்தேன். ஐந்தும் மூன்றும் எட்டு. இதைவிடத் தெளிவாக மட்டாஞ்சேரியில் யாரும் பேச முடியாது.

நிமல் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகத் துண்டின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார், உள்ளே ஏதாவது கடிக்குமோ என்று பார்க்கிற மாதிரி. பேசிக்கொண்டிருக்கும்போது துண்டைத் தூக்குவது எங்கள் தொழிலில் பெரிய மரியாதைக் குறைவு. நான் துண்டை இழுத்து மூடினேன். மறுபடியும் எட்டு. அவர் கையை வெடுக்கென்று உருவி, விரலில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இருந்தது. உடனே அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். கையை உதறிவிட்டாரே, விலை ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, நான் மறுபடி அவர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு, ஏழரைக்கு இறங்கி வந்து உள்ளங்கையைச் சுரண்டினேன்.

அந்த நேரத்தில்தான் தவமணி டீச்சர் உள்ளே வந்தார்.

"அண்ணே, என்னா செய்றீங்க?"

"பேசிக்கிட்டிருக்கேன்."

"துண்டுக்குள்ளயா?"

தலையை ஆட்டினேன். டீச்சர் என் கையிலிருந்து துண்டை உருவி, மடித்து, என் தோளில் போட்டார்.

"இவங்க கண்ணாலதான் கேக்குறாங்க, அண்ணே. நீங்க அதயும் துணி போட்டு மூடிட்டா எப்படிலா?"

எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. பிறகு டீச்சர் கையாலேயே நிமலிடம் விஷயத்தைச் சொன்னார். மிளகு, தரகு, துண்டு, கொச்சி எல்லாம் அந்தப் பத்து விரலில் எப்படி வந்ததோ தெரியாது. நிமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சத்தம் பாதி, மூச்சு பாதியாக ஒரு சிரிப்பு. சிரித்து முடித்து, மோதிரத்தை எடுத்து மறுபடி விரலில் போட்டுக்கொண்டு, தன் கையை நீட்டினார். துண்டைப் போடு என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை துண்டுக்குள் தவறில்லாமல் பேசினார். அவருடைய பாஷையில் நான் கற்றுக்கொண்டது சாப்பாடு, தண்ணீர், தூக்கம் மூன்றும்தான். (அதிலும் தூக்கத்தையும் தலைவலியையும் குழப்பி, நன்றாகத் தூங்கியவருக்கு மாத்திரை வாங்கி வந்தேன்.)

டீச்சர் என்னைப் பேச்சு வேலையிலிருந்து எடுத்துவிட்டு, கெடுதல் செய்ய முடியாத ஒரு வேலையில் வைத்தார். ஓட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் தண்ணீர் வாளியோடு நிற்க வேண்டும். கேட்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். எனக்குப் பரம திருப்தி. ஜக்கைப் பிடித்து நிற்பதில் எனக்குக் கல்யாணத்திலேயே பழக்கம் உண்டு.

நிமல் ஓடுகிற நாள் வந்தது. அதற்குள் சிலோன்காரர்கள் எல்லோரும் தோற்று வெளியே வந்துவிட்டார்கள். நிமல் ஒருவர்தான் மிச்சம். அவர் தோற்றால் அவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தோற்றவர்கள் அத்தனை பேரும் வேலியோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய ஓட்டத்தில் முதல் இரண்டு பேருக்கு மட்டும் மறுநாள் இறுதிப் போட்டியில் இடம்.

எட்டுப் பேர் கோட்டில் நின்றார்கள். அங்கே துப்பாக்கி சுட்டு ஓட்டத்தை ஆரம்பிப்பதில்லை. சுட்டால் யாருக்குக் கேட்கும்? அதற்குப் பதிலாகச் சிவப்புக் கொடி. வெள்ளைத் தொப்பி வைத்த பருமனான ஒரு பெரியவர் பக்கவாட்டில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று கொடியைத் தூக்குவார். கொடி இறங்கினால் ஓட வேண்டும். ஓடுகிறவர்கள் குனிந்த நிலையில் கடைக்கண்ணால் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் தடவை நிமல் அவசரப்பட்டார். கொடி இறங்கும் முன்னே கால் எடுத்துவிட்டார். திரும்பக் கூட்டி வந்து எச்சரித்தார்கள். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வெளியேற்றிவிடுவார்கள் என்று டீச்சர் என்னிடம் சொன்னார். நிமல் முகம் வெளுத்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கோட்டுக்குப் போனார்.

மறுபடி எல்லோரும் குனிந்தார்கள். கொடி மேலே போனது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றேன். ஓடப் போகிறது அவர், வேர்த்துக் கொட்டியது எனக்கு. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இருபது வருசப் பழக்கம். துண்டு கைக்கு வந்தால் அது சும்மா தோளுக்குத் திரும்பாது. காற்றில் விரித்து, படார் என்று ஒரு உதறு உதறித் தோளில் போட்டேன்.

நிமல் கிளம்பிவிட்டார்.

வேறு ஒருவரும் கிளம்பவில்லை. அவர் ஓரத்தில், என் பக்கத்தில் இருந்தவர். சிவப்பாக ஒன்று மேலே போய்க் கீழே வந்தது, ஓடினார். விசில் ஊதினார்கள், யாருக்கு? நடுவில் நின்றவர்கள் கையை ஆட்டினார்கள், உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினார். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. தனி ஆளாக நூறு மீட்டரையும் ஓடி, நாடாவை நெஞ்சால் அறுத்து, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் பார்த்தார். ஏழு பேரும் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

தூக்கிய கைகள் எப்படிக் கீழே இறங்கின என்பதை நான் எழுதப் போவதில்லை.

நடுவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டாவது தவறு, வெளியே போ என்று சைகை. நிமல் போகவில்லை. அவர் தன் வலது கையால் இடது தோளில் ஏதோ உதறிப் போடுகிற மாதிரி செய்து காட்டினார். மறுபடியும் செய்தார். பூச்சி கடித்ததா என்று கேட்டார்கள். மறுபடியும் தோளில் உதறினார். அங்கே இருந்த அத்தனை பேரிலும் அதன் அர்த்தம் புரிந்தவன் நான் ஒருவன்தான். அவர்களுடைய பாஷையில் நான் சரியாகப் புரிந்துகொண்ட முதல் பேச்சும் அதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு வந்த யோசனை, வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று குழாய்ப் பக்கம் போய்விடலாம் என்பது. இரண்டு எட்டு எடுத்தும் வைத்தேன். வாளி நிறையத் தண்ணீர் தளும்பி என் காலில் கொட்டியது. வேலியோரத்துச் சிலோன்காரர்கள் பெட்டி கட்டப் போகிற முகத்தோடு நின்றார்கள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், அவரு ஓடல. என் துண்டு ஓட வச்சிருச்சு."

டீச்சருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நடுவர்களிடம் எடுத்துச் சொன்னார். எல்லோரும் பெட்டிமேல் நின்ற பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாகக் கொடி பிடிக்கிறாராம். தன் கொடிக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரனின் முகம் துடைக்கிற துணிக்கும் வித்தியாசம் தெரியாதவன் உலகத்தில் இருக்க முடியாது என்றார். அப்படியென்றால் செய்து காட்டச் சொல்லலாமே என்றார் டீச்சர்.

செய்து காட்ட வேண்டியவன் யார்? நான்.

மைதானத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். காது கேளாதவர்கள் பார்க்கிற பார்வை நம்முடைய பார்வை மாதிரி இல்லை. முழுசாகப் பார்ப்பார்கள். நான் மாப்பிள்ளை நாற்காலியில் உட்காராமல் தப்பித்ததற்கெல்லாம் சேர்த்து அன்று வசூல் செய்துவிட்டார்கள். எட்டுப் பேரும் கோட்டில் குனிந்தார்கள். இது வெறும் ஒத்திகை, பெரியவரின் கொடி இறங்கினால் மட்டும் ஓடுங்கள் என்று அவர்களுக்குச் சைகையால் சொல்லப்பட்டது. பெரியவர் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார். இந்தத் தடவை எட்டுப் பேர் கண்ணும் என் பக்கமே இருக்க, நான் பழைய இடத்தில் நின்று, முகத்தைத் துடைத்து, துண்டை உதறினேன்.

ஆறு பேர் ஓடிவிட்டார்கள்.

ஓடாமல் நின்ற இரண்டு பேரில் ஒருவர் நிமல். அவர் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவருக்குக் கால் நரம்பு பிடித்துக்கொண்டது. ஓடிய ஆறு பேரில் இரண்டு பேர் கடைசிவரை ஓடி, யார் முதல் என்று சண்டை வேறு போட்டார்கள். பெரியவர் கொடியை இறக்கவே மறந்து நின்றார். அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் கனவில் வருவது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக என்னைப் பார்த்துத் தங்கள் தோளில் உதற ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாக, மைதானம் பூராவும், சத்தமே இல்லாத படார் படார்.

டீச்சர் என் துண்டைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். நிமல்மேல் எழுதிய தவறை அழித்தார்கள். ஓடிக் களைத்தவர்களுக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி ஓட்டம் நடந்தது. நான் பார்க்கவில்லை. துண்டு இல்லாத தோளோடு, ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரையே பார்த்து நின்றேன். தரை அதிர்ந்தது. கூட்டம் எழுந்தது. பிறகு யாரோ வந்து என் கையைப் பிடித்தார்கள்.

நிமல். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, தேர்ந்த தரகன் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். மற்றக் கையில் என் சிவப்புத் துண்டு, டீச்சரிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். துண்டை எங்கள் இருவர் கையின் மேலும் போட்டார். உள்ளே என் விரலைத் தேடினார். ஒன்றைப் பிடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். (எமப் பயல்.) அப்புறம் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

இரண்டு.

மறுநாள் இறுதிப் போட்டி முடிந்ததும் அதே மாதிரி வந்து துண்டைப் போட்டு முழுக் கையையும் பிடித்தார். ஐந்தாவது. போகட்டும் விடு என்கிற மாதிரி ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அவரே துண்டை எடுத்து, என்னைவிட அழகாக உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

காது கேளாதவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் வைப்பார்கள், கையால். யாரிடம் எது தனியாகத் தெரிகிறதோ அதுதான் பெயர். டீச்சருக்கு மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிடுவது பெயர். எனக்குத் தோளில் உதறுவது. நான் பினாங்கில் இருந்த காலமெல்லாம் கடைக்கு வருகிற காது கேளாதவர்கள் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் ஊர் திரும்பிய பிறகு, பெருநாளுக்கு வந்த காசிம் மச்சான், எங்கள் வீட்டு முற்றத்தில் ஓட்டம், கொடி, பெரியவர், நான் என்று எல்லா வேஷமும் கட்டி நடித்துக் காட்டினார். ஜொஹரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். இத்தனை வருஷமாக "அவங்க", "இவ அத்தா" என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்த ஜொஹராவுக்கு அன்று ஒரு வழி கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி நான் எங்கே என்று கேட்டால் தோளில் ஒரு உதறு உதறிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் கையைக் காட்டுவாள். போன வருஷம் மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நான் வெளியே மருந்து வரிசையில் நின்றேன். சீட்டு எழுதுகிறவர் ஜொஹராவிடம் பர்த்தாவின் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் தோளில் உதறினாள். அவர் தூசியா என்று பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடி உதறினாள். பின்னால் நின்ற மீன்காரச் சேச்சிதான் வழக்கைத் தீர்த்து வைத்தாள்.

"எழுதிக்கோ சாரே. அது நம்மட துண்டு இக்கா."

(இக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.) அவர் அதையே எழுதிவிட்டார். மருந்து கொடுக்கும் இடத்தில் அந்தப் பெயரைத்தான் உரக்கக் கூப்பிட்டார்கள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தேன்.

இதை எழுதி முடித்ததும், கீழே உங்கள் பெயரை எழுதுங்கள் அத்தா என்று மகள் சொன்னாள். எழுதியிருப்பேன். ஆனால் அவள் அதைச் சொல்லும்போதே அடுப்படியிலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்துத் தோளில் உதறிவிட்டுப் போனாள். அதை எழுத என் தூரிகையில் எழுத்து இல்லை. அதனால் தேதியை மட்டும் போடுகிறேன்.

மட்டாஞ்சேரி, 1987 ஜூன் 5, வெள்ளிக்கிழமை.